ஜாம்பியா கிளைத் தலைவி

1

ஊரிலிருந்து புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் ஜாம்பியாவின் கிட்வே நகரில் வந்து இறங்கினால், ஏற்கெனவே இருக்கிற வீடுகள் முறைபோட்டுச் சாப்பிடக் கூப்பிடுவது இங்கே வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. வந்தவர் இயற்பியல் ஆசிரியர், பாவூர்சத்திரத்துக்காரர். கூடவே அவர் மனைவி. அந்த வாரம் கடைகளில் சமையல் எண்ணெய் கிடையாது. காலையிலிருந்து வரிசையில் நின்றதற்குச் சோப்புதான் கிடைத்தது. அதனால் அப்பளத்தைத் தணலில் சுட்டு வைத்தேன். விருந்தாளிக்குச் சுட்ட அப்பளமா என்று கூசிக்கொண்டே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சாப்பிடாமல் என் முகத்தையே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதிய. போன வருஷம் குற்றாலம் மாநாட்டுல மேடையில ஏறினது நீங்கதான?"

நான் கரண்டியோடு நின்றேன்.

"ஜாம்பியா கிளை!" என்று அவர் எச்சில் கையோடு மேசையைத் தட்டினார். "ஏட்டி, நான் சொன்னேம்லா, ஒரு அம்மா ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்து நடிகர் கால்ல விழுந்தாங்கன்னு. இவுங்கதான்!"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சாருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்றார். சார் தட்டில் சாம்பார் தாராளமாகவே இருந்தது. என் மகள் செண்பகம் மட்டும் சத்தமாகச் சிரித்தாள்.

மானம் கப்பலேறிவிட்டது என்று ஊரில் சொல்வோம். என்னுடையது விமானமே ஏறி, என் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தப் பத்திரிகையில் இங்கத்து வாழ்க்கையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். செப்புச் சுரங்கத்துப் புகை, மக்காச்சோள மாவுக் களி, வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் தவம் கிடந்தது எல்லாம் எழுதியாயிற்று. இதை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். வேறு யாராவது கண்ணும் மூக்கும் வைத்து எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது.

ஒரு சின்ன ஏற்பாடு. நடிகரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த நாளில் எங்கள் பக்கம் "அவரு" என்றாலே யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் கணவரின் பெயரைச் சொல்லியும் எனக்குப் பழக்கமில்லை. இரண்டு பேரும் "அவர்" என்றால் நீங்கள் குழம்பிப்போவீர்கள். ஆகவே இந்தக் குறிப்பில் இனி அவர் என்றால் என் வீட்டுக்காரர். நடிகர் என்றால் நடிகர்.

2

நாங்கள் இருவருமே இங்கே அரசுப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர்கள். செண்பகம் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தோம். ஒரு ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தது. ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாகப் போய், பிள்ளை தாவணி வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளியில் அவளுக்கு "ஷெம்" என்று பெயர். தோழிகளிடம் ஆங்கிலம், காய் விற்கிற அம்மாவிடம் இங்கத்துப் பெம்பா மொழி, எங்களிடம் மட்டும் அரைகுறைத் தமிழ். ஒருநாள், "அம்மா, என் முடிக்குப் பசிக்குது, எண்ணெய் குடுங்க" என்றாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊர்ல கொண்டு விட்டிரணும்" என்றார்.

இங்கே பல வீட்டிலும் நடப்பதுதான் அது. பெண் பிள்ளை பெரியவளானதும் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தமிழ் வரும், நடைமுறை தெரியும், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க லேசாக இருக்கும். விட்டுவிட்டு வந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் பிள்ளைக்குத் தலை பின்னிவிட ஆசைப்பட்டுக் கூப்பிடுவார்கள்.

எனக்கு அவளை விட மனமே இல்லை. ஆனால் அதை நான் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுப்பது அவர். எடுத்த முடிவுக்கு நல்ல காரணம் கண்டுபிடித்துத் தருவது நான். குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது அப்படித்தான். இந்த முடிவுக்கும் நானே நாலு காரணம் சொன்னேன்.

செண்பகத்தின் பெயர் அப்போது என் பாஸ்போர்ட்டில்தான் இருந்தது. ஊரில் விடுவதென்றால் அதை நீக்க வேண்டும், தாய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நீண்ட விடுப்பில் தென்காசி போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அவர் தாளை நீட்டினார். செண்பகம் மொட்டை மாடியில் அவள் பாட்டிக்கு வத்தல் பிழிய ஒத்தாசை செய்துகொண்டிருந்தாள். மேலேயிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே அவர் பாஸ்போர்ட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினார். குற்றாலத்தில் நடிகரின் ரசிகர் மன்ற மாநாடு நடந்தது அந்த வாரம்தான்.

3

பெம்பா ஜனங்கள் ரொம்பவும் மரியாதைக்காரர்கள். பெரியவர்களைக் கண்டால் பெண்கள் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, உள்ளங்கை இரண்டையும் குவித்து மெதுவாகத் தட்டி, "முவபொலேனி முக்வாய்" என்பார்கள். நம்முடைய வணக்கம் மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு வருகிற தாய்மார்கள் என் முன்னால் அப்படித் தாழும்போது முதலில் பதறிப்போவேன். பிறகு பதிலுக்கு நானும் தாழப் பழகிவிட்டேன். ஒரு காரியத்தை வருஷக்கணக்காகச் செய்தால், நாம் கேட்காமலே உடம்பு அதைச் செய்துவிடுகிறது.

தென்காசி வீட்டில் செண்பகம் முதல் நாளே என் மாமனாருக்கு முழங்காலிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மாமா பூரித்துப்போனார்.

"பாத்தியாட்டி!" என்று அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார். "காட்டுல வளந்த பிள்ளை எவ்வளவு பணிவா குடுக்குது. இங்கன உள்ளதுக நின்னுக்கிட்டே நீட்டுதுக."

மாமாவுக்கு ரத வீதியில் பாத்திரக்கடை. பெரிய கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துதான் கடை திறப்பார். அந்த வீட்டில் யாரும் சினிமாவுக்குப் போனதில்லை. சினிமாக்காரன் என்ற வார்த்தையை, களவாணி என்பதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லுவார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனபோது, என் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்த நடிகரின் படங்களை நான் தம்பி வேலுவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

வேலுவுக்கு அதே தென்காசியில் சைக்கிள் கடை. கடை என்று பெயர், உண்மையில் அது ரசிகர் மன்றத்து அலுவலகம். மன்றத்தின் நகரச் செயலாளர் அவன்தான். நான் இங்கிருந்து எழுதும் கடிதங்களில் நலம் விசாரித்த கையோடு, நடிகருக்கு என்ன படம் வந்தது, எப்படி ஓடியது என்று கேட்பேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு கோட்டையே கட்டியிருந்தான்.

"அக்கா, கோவப்படாத. உன் பேர்ல ஒரு கிளை பதிஞ்சிருக்கேன். ஜாம்பியா கிளை."

"கிளைன்னா? எத்தனை பேருலே?"

"நீ ஒருத்திதான். தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் நீதான்."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"இந்த மாவட்டத்துல எந்த ஊருக்கும் வெளிநாட்டுக் கிளை கிடையாதுக்கா. நம்மளுக்குத்தான் இருக்கு. நீ மேடையில ஏறலேன்னா நான் பொய் சொன்னேம்னு ஆயிரும். சங்கரன்கோவில்காரனுவ என்னைய உரிச்சிருவானுவ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "கடைசி நாளு நடிகர் வருதாரு. கிளைத் தலைவருங்களை மட்டும்தான் மேடைக்கு விடுவாங்க. நீ பக்கத்துல நின்னு பாக்கலாம்."

தம்பியின் மானத்துக்காக ஒத்துக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

4

அத்தையிடம், அருவியில் குளித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, துண்டும் மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டு நானும் செண்பகமும் டவுன் பஸ் ஏறினோம். சீசன் நேரத்தில் தென்காசியில் இதைவிட நல்ல சாக்கு கிடையாது. எவ்வளவு நேரமானாலும், அருவியில் கூட்டம் என்று சொல்லிவிடலாம்.

இலஞ்சி தாண்டும்போதே மாநாடு தொடங்கிவிட்டது. காய்கறி லாரி, டிராக்டர், வாடகை வேன் எல்லாம் கொடி கட்டிக்கொண்டு ஊர்ந்தன. பந்தலுக்கு முன்னால் நடிகரின் கட்அவுட் நின்றது. சாரலில் நனைந்து நனைந்து ஒரு பக்கத்துக் கன்னத்தில் வண்ணம் வழிந்திருந்தது. ஒருவன் ஏணி போட்டு ஏறி அதைத் துண்டால் துடைத்துவிட்டான். துடைத்துவிட்டு, எட்டாத கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுக்கப் பார்த்தான். கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

பந்தலைச் சுற்றி வரிசையாகக் கடைகள். நடிகர் முகம் போட்ட சீப்பு, கண்ணாடி, சாவி வளையம், பாட்டுப் புத்தகம், சட்டையில் குத்துகிற பேட்ஜ். நடிகர் போடுவது மாதிரியே கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு ஊரே கண் தெரியாமல் இடித்துக்கொண்டு நடந்தது. வேஷம் கட்டி வந்தவர்கள் தனி. வண்டிக்காரர் வேஷம், சிறைக் கைதி வேஷம், பணக்காரர் வேஷம். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் போலீஸ் அதிகாரி உடையில் மிடுக்காக வந்தார். பந்தோபஸ்துக்கு நின்ற நிஜப் போலீஸ்காரர் அவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பிறகு முகம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

செண்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, இவங்க எல்லாரும் பெரியவங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் பெரியவர்கள்தான், பிள்ளைகுட்டி பெற்றவர்கள் என்றேன். "அப்ப நீங்க ஏன் என் ரூம்ல பாட்டுக்காரர் படம் ஒட்டக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்றாள். பக்கத்துக் கடையில் ஒரு பேட்ஜ் வாங்கி அவள் கவனத்தைத் திருப்பினேன்.

மகளிர் பகுதி என்று சவுக்குக் கம்பு கட்டித் தடுத்திருந்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள், களையெடுப்பு முடித்து நேராக வந்தவர்கள், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்துப் பெண்கள். சுந்தரபாண்டியபுரத்து அம்மா ஒருத்தி மடியிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்து, "எந்தப் படத்துல பிடிச்சுதும்மா உனக்கு?" என்று கேட்டாள். என்னவோ சம்பந்தி விசாரிக்கிற மாதிரி இருந்தது. நான் ஒரு படத்தைச் சொன்னேன். "எனக்கும் அதுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருஷமாக யாருடனும் நான் அந்தப் பேச்சைப் பேசியதில்லை. அன்று சாயங்காலம் வரை பேசினேன். இந்த வயதில் இப்படியா என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பேச்சு நின்றபாடில்லை.

திரும்பும்போது பேரருவிக்கு ஓடி, தலையை மட்டும் காட்டி நனைத்துக்கொண்டு, துண்டையும் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டோம்.

5

இதை எழுதும்போது இங்கே ஜூலைக் குளிர். காலையில் குழாய்த் தண்ணீர் கையை வெட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு அல்ஜீப்ரா போடுகிறார்கள். மாலையில் ரொட்டி வரிசை, வீடு, மறுநாள் பாடத்துக்குத் தயாரிப்பு. இந்த ஊரில் என்னை "மேடம்" என்று கூப்பிட்டுத் தாழாத ஆளில்லை. இங்கே நிற்கிற என்னையும் அங்கே ஈரத் துண்டோடு பொய் சொல்லிக்கொண்டு நின்ற என்னையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரிதான் இருக்கிறது.

மாநாட்டின் இரண்டாம் நாள் பட்டிமன்றம். நடிகருக்குச் சிறப்புச் சேர்த்தது ஏழை வேஷமா பணக்கார வேஷமா என்பது தலைப்பு. மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பந்தல் ஒழுகியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள். ஏழை வேஷம்தான் ஜெயித்தது. நான் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோனது. நேரம் ஓடியதே தெரியவில்லை. அருவிப் பக்கம் போகவில்லை. பஸ் நிலையத்துக் குழாயில் இரண்டு பேரும் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குளிச்சியளாம்மா?"

"குளிச்சோம் மாமா. நல்ல தண்ணி."

மாமா மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அருவியில வெள்ளமாம்லா. காலையிலேர்ந்து ஒரு ஆளைக் குளிக்க விடலைன்னு கடையில சொன்னாங்க."

குற்றாலத்தில் தண்ணீர் அளவுக்கு மீறினால் போலீஸ் நின்று தடுத்துவிடும் என்பது தென்காசியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு நின்றேன்.

செண்பகம்தான் பேசினாள். "பெரிசுல இல்ல தாத்தா. வேற இடத்துல, ஒரு சின்ன தண்ணி. அங்கன விட்டாங்க." வந்த சில நாளிலேயே அவளுக்கு "அங்கன" வந்திருந்தது. எனக்காகப் பொய் சொல்லத்தான் அது முதலில் பயன்பட்டது. மாமா தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவ எழுந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நல்ல பழக்கம் படிக்கட்டும் என்று ஊரில் விடக் கொண்டுவந்த பிள்ளை அவள்.

6

கடைசி நாள் போகக் கூடாது என்றுதான் படுத்தேன். காலையில் எழுந்ததும் இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துப் பையில் வைத்தேன்.

பந்தலுக்குப் பின்னால் கிளைத் தலைவர்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு கொடி, ஒரு மாலை. பெண் நான் ஒருத்திதான். வேலு என் புடவைத் தோளில் பெரிய பேட்ஜ் குத்திவிட்டான்.

"ரெண்டு வார்த்தை மட்டும் சொல்லு. ஜாம்பியாவுல எல்லாரும் உங்களைக் கேட்டாங்கன்னு சொல்லு."

"அங்க யாருக்குலே இவரைத் தெரியும்?"

"சொல்லுக்கா!"

வெளியே திடீரென்று ஒரு இரைச்சல். அருவி பந்தலுக்குள் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். நடிகர் வந்துவிட்டார். ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டார்கள். செங்கோட்டை, கடையநல்லூர், வீரகேரளம்புதூர். ஒவ்வொருவராக ஏறி, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். "அடுத்து, கடல் கடந்து வந்திருக்கும் நமது ஜாம்பியா கிளையின் தலைவி!" என்றது மைக். மகளிர் பகுதியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

ஏறினேன். நடிகர் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் குள்ளம். பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக இருந்தது. கண்ணில் தூக்கம். களைத்துப்போன ஒரு மனிதர். அப்படியும் நடிகர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, கணக்குப் புத்தகத்துக்குள் படம் ஒளித்து வைத்த பெண்ணாகவே நின்றேன். மாலையை நீட்டினேன். பெரிய மனிதர் முன்னால் நிற்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்ததுதான் தாமதம், முழங்கால் மடங்கிவிட்டது. கை குவிந்து தட்டியது. மைக்கில் என் குரல், "முவபொலேனி முக்வாய்" என்றது.

பந்தல் கூரை பிய்ந்துபோகும் அளவுக்கு விசில். நடிகர் குனிந்து என் தோளைத் தொட்டுத் தூக்கினார். அந்த நேரத்தில்தான் விளக்கு பளிச்சென்று அடித்தது. தமிழில் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையும் எனக்கு வரவேயில்லை. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே சுந்தரபாண்டியபுரத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

7

மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம் வந்தது. நடிகர் காலடியில் நான். நடிகரின் கை என் தோளில். காலில் விழுந்து ஆசி பெற்ற ஆப்பிரிக்க ரசிகை என்று கீழே போட்டிருந்தார்கள். பக்கத்து மளிகைக்கடைக்காரர் அதைக் கொண்டுபோய் மாமாவிடமே காட்டி, "அண்ணாச்சி, இது நம்ம மருமக மாதிரில்லா இருக்கு" என்றிருக்கிறார்.

மாமா அன்று வழக்கத்துக்கு முன்னாலேயே கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து அவரும் அன்றுதான் திரும்பியிருந்தார். பாஸ்போர்ட்டில் செண்பகத்தின் பெயரை நீக்கியாயிற்று என்று சொல்லி, அதை என் கையில் கொடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாமா பத்திரிகையைத் தரையில் விரித்துப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனிடம்தான் பேசினார்.

"ரத வீதியில தலை காட்ட முடியல. சினிமாக்காரன் கால்ல போய் விழுந்துருக்கா. அவன் தோள்ல கை வைக்கான்."

அவர் பத்திரிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அது அந்த ஊர் வணக்கம் என்று அவருக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவர்தானே. சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு வேறு எதைச் சொல்ல வாய் வரும்?

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் மாமா. "இப்படி ஒரு தாய்க்குப் பிறந்ததை வச்சு நான் காவல் காக்க முடியாது. வயசாயிட்டு எனக்கு."

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். செண்பகம் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இதைச் சொல்ல இன்னும் கூசுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த எரிச்சலுக்கு அடியில் எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். என் பிள்ளை என்னோடு வருகிறாள். மாமனார் அவமானத்தில் குன்றிப்போய் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். நடிகர் முன்னால் தாழ்ந்ததைவிட இதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்க நானும் அவரும் மறுபடி சென்னைக்குப் போனோம். அலுவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிள்ளை வேண்டாம்னு எழுதிக் குடுத்தது நீங்கதானேம்மா? அதுக்குள்ள என்ன வந்திச்சு?" என்றார். சுற்றிலும் ஆட்கள். நான் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

8

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வேலுவுக்கு நான் கடிதம் எழுதுகிறேன். நடிகரைப் பற்றிக் கேட்பதில்லை. அவனும் எழுதுவதில்லை. மாவட்டப் பொறுப்பு கிடைத்துவிட்டது என்று மட்டும் ஒருமுறை எழுதியிருந்தான்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் பேச்செடுத்தார்.

"அப்பா எழுதியிருக்காங்க. கோவம் ஆறிட்டுதாம். அடுத்த லீவுல செண்பகத்தைக் கொண்டு விடலாம்னு சொல்லுதாங்க."

நான் தட்டைப் பார்த்தேன். வழக்கம்போல அவருக்கு நாலு காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டிய இடம் அது. அதற்குள் செண்பகம் சொல்லிவிட்டாள்.

"அம்மா விடமாட்டாங்க." கொஞ்சமும் சந்தேகமில்லாத குரல். "போன தடவையே விடலையே. என்னைய விடக் கூடாதுன்னுதானே அம்மா அத்தனை பேரு முன்னால அப்படிச் செஞ்சாங்க. தாத்தாவுக்குக் கோவம் வரணும்னு."

இத்தனை நாளும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாம்பார் ஊற்றும்போது அவள் சிரித்தது கேலி என்று நான் எண்ணியிருந்தேன். அவள் பெருமையில் சிரித்திருக்கிறாள். தனக்காக ஊர் முன்னால் மானத்தை விட்ட ஒரு தாயை அவள் மனத்தில் வைத்திருக்கிறாள். நானோ ஒரு நடிகரைக் கிட்டத்தில் பார்க்கப் போனவள்.

அவர் சிரித்தார். கெட்ட எண்ணமில்லை அவருக்கு, உள்ளதைத்தான் சொன்னார்.

"நல்லா இருக்கே கதை. உன்னைய விட்டுட்டு வர கையெழுத்துப் போட்டுக் குடுத்தது யாரு? உங்கம்மாதான்."

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். இல்லை என்று நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். அந்த முகத்தை இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை.

"ஆமா. போட்டேன்" என்றேன். "நீ மாடியில பாட்டியோட சிரிச்சிக்கிட்டு இருந்த. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் போட்டேன். மேடையில நடந்ததும் உனக்காக இல்ல."

அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இந்தத் தடவை போடமாட்டேன்."

"ஏன்?" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் எதையும் சொன்னதில்லை. நல்ல காரணமாக ஒன்று தேடினேன். படிப்பு, பரீட்சை, மாமாவின் வயது என்று எத்தனையோ இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்கு அவ வேணும்" என்றேன்.